மூச்சு பத்தலன்னு செல்லுக்கு யாரு சொல்றது? ஒரு நோட்டு, ரெண்டு பேனா வெச்சிக்கினு ஹிஃப் சமாச்சாரத்த புரிஞ்சிக்கிற வழி

வேலூருக்கு பக்கத்துல கம்மவான்பேட்டைய ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க, எங்க பக்கம் பட்டாளத்துக்கு போறது புதுசு இல்ல, எங்க வீட்லயும் தம்பி போய் சேந்தான். அவனுக்கு லடாக்ல போஸ்டிங் வந்துச்சு. லே-ல எறங்கின அன்னிக்கே போன் பண்ணி, "அக்கா, மொத ரெண்டு நாளு எங்கயும் போவக்கூடாது, ரூம்லயே படுத்துக்கினு கெடன்னு சொல்லிட்டாங்க"ன்னான். ஸ்பீக்கர்ல கேட்டுக்கினு இருந்த அம்மா என்ன பாத்து, "காத்து கம்மியா கீதுன்னு உடம்புக்கு யாருடி சொல்றது?"ன்னு கேட்டாங்க.

நான் காட்பாடில சாயந்தரம் ஜுவாலஜி டியூஷன் எடுக்கறவ. நுரையீரல், ஹீமோகுளோபின், மூச்சு வாங்கறது எல்லாம் டக்குன்னு சொல்லிட்டேன், ஆனா செல்லுக்குள்ள, ஜீன் லெவல்ல இன்னா நடக்குதுன்னு சொல்ல வந்தப்ப தான் தெரிஞ்சுது, நானே அத மனப்பாடமா தான் வெச்சிருந்தேன், புரிஞ்சி வெச்சிக்கல. அப்புறம் ஒக்காந்து முழுசா படிச்சி, பசங்களுக்கு சொல்லி சொல்லி ஒரு வழி கண்டுபிடிச்சேன், பிளஸ் டூ பசங்க, நர்சிங் படிக்கிற பொண்ணுங்க ரெண்டு பேருக்குமே அது ஏறுது. அத தான் இங்க எழுதறேன். ஒரு சாயந்தரம் போதும். கோடு போடாத நோட்டு ஒண்ணு, செவப்பு பேனா, நீல பேனா. ஜீன்ல இருந்து எம்ஆர்என்ஏ, அதுல இருந்து புரோட்டீன்னு வரிசை மட்டும் தெரிஞ்சிருக்கணும், அது தெரியலன்னா மொதல்ல அத படிச்சிட்டு வாங்க, இல்லன்னா பாதில தலை சுத்தும்.

மொத வேல, தப்பான ஒரு வரிய நோட்ல எழுதி நீங்களே அடிக்கணும். "ஆக்சிஜன் கொறஞ்சா உடம்பு ஒரு அலாரம் புரோட்டீன தயாரிக்க ஆரம்பிக்குது." இதான் அந்த வரி. பத்து பசங்கள கேட்டா ஒம்போது பேரு இத தான் சொல்லுவாங்க, நானும் அப்படி தான் நெனச்சிக்கினு இருந்தேன். செவப்பு பேனால அத அடிச்சிட்டு கீழ இத எழுதுங்க: அலாரம் புரோட்டீன் எப்பவுமே தயாராவுது, ஆக்சிஜன் இருக்கற வரைக்கும் உடனே உடனே அழிக்கப்படுது, ஆக்சிஜன் கொறஞ்சா அழிக்கிறது நின்னு போவுது. அவ்ளோ தான் முழு விஷயமே, மீதி எல்லாம் இதுக்கு வெளக்கம். அந்த புரோட்டீன் பேரு ஹிஃப் ஆல்ஃபா, ஹிஃப்ன்றது ஹைப்பாக்சியா இன்டியூசிபிள் ஃபேக்டர்ன்றதோட சுருக்கம், ஹைப்பாக்சியான்னா ஆக்சிஜன் பத்தாத நெலை. ஆக்சிஜன் நல்லா இருக்கற செல்லுல அதோட பாதி ஆயுசு ஏறக்கொறைய 5 நிமிஷம் தான், பொறந்ததும் சாவுது.

ஏன் இப்படி வீணா செஞ்சி செஞ்சி ஒடைக்கணும்னு எல்லா பேட்ச்லயும் ஒருத்தராவது கேப்பாங்க, நல்ல கேள்வி. யோசிச்சி பாருங்க, ஆக்சிஜன் தட்டுப்பாடு ஆன அப்புறம் ஜீன தொறந்து, எம்ஆர்என்ஏ எழுதி, புரோட்டீன் செஞ்சி எடுத்து வர நேரம் ஆவும், ஏற்கனவே செஞ்சிக்கினே இருந்தா ஒடைக்கிறத நிறுத்தினா போதும், நிமிஷ கணக்குல சேந்துடும். அந்த வேகத்துக்கு தான் செல்லு இவ்ளோ செலவு பண்ணுது.

இப்ப யாரு ஒடைக்கிறாங்கன்றத பாப்போம், இங்க தான் நெறய பேரு கொழம்புவாங்க ஏன்னா பேரு நெறய வரும். ரோடு அகலப்படுத்தறப்போ ஆளுங்க வந்து செவத்துல செவப்பு பெயிண்ட்ல குறி போட்டுட்டு போவாங்க இல்ல, ஆக்கிரமிப்புன்னு, அப்புறம் ஜேசிபி வந்து குறி இருக்கற எடத்த மட்டும் இடிக்கும். அத மனசுல வெச்சிக்கோங்க. ரோட்டோரமா தெனம் தெனம் மொளைக்கிற கொட்டாய் தான் ஹிஃப் ஆல்ஃபா. குறி போடற ஆளு பிஹெச்டின்னு ஒரு என்சைம், பட்டம் வாங்கறது இல்ல இது, புரோலைல் ஹைட்ராக்சிலேஸ் டொமைன்றதோட சுருக்கம். பெயிண்ட் தான் ஆக்சிஜன். பிரஷ் இரும்பு, ஃபெர்ரஸ் வடிவத்துல இருக்கற இரும்பு அணு. குறிய பாத்துட்டு ஜேசிபிய வரவைக்கிற ஆளு விஹெச்எல்ன்ற புரோட்டீன். ஜேசிபி, செல்லோட குப்ப மெஷின், புரோட்டியசோம். பெயிண்ட் இல்லன்னா குறி இல்ல, குறி இல்லன்னா விஹெச்எல் கண்ணுக்கு கொட்டாய் தெரியாது, ஜேசிபி வராது.

உவமைய விட்டுட்டு இப்ப நெசமா நடக்கறத எழுதுங்க. ஹிஃப் ஆல்ஃபாவுல 402-வது எடத்துலயும் 564-வது எடத்துலயும் புரோலின்ற அமினோ அமிலம் இருக்கு. பிஹெச்டி என்சைம் ஆக்சிஜன எடுத்து அந்த புரோலின் மேல ஒரு ஓஹெச் குரூப் ஒட்டுது, அது தான் குறி. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுல ரெண்டு அணு, ஒண்ணு புரோலினுக்கு, இன்னொண்ணு ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட்டுக்கு, கிரெப்ஸ் சுழற்சில வருமே அதே தான். ஓஹெச் ஒட்டின புரோலின விஹெச்எல் கப்புனு புடிச்சிக்கும், கூட இருக்கறவங்க யூபிக்விட்டின்னு குட்டி புரோட்டீன மால மாதிரி கோத்து மாட்டுவாங்க, மால போட்டத புரோட்டியசோம் தூளாக்கும்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. சென்சார் எங்க? சென்சார்னு தனியா ஒண்ணு இல்ல, அந்த பிஹெச்டி என்சைமே தான் சென்சார், அதுக்கு ஆக்சிஜன் வேலைக்கான பொருள். அது ஆக்சிஜன கெட்டியா புடிச்சி வெச்சிக்காது, லூசா தான் புடிக்கும், அதனால ஆக்சிஜன் கொஞ்சம் எறங்கினாலே அதோட வேகமும் கூடவே எறங்கும். வெளி காத்துல 21 சதவீதம்னாலும் உள்ள திசுக்களுக்கு போய் சேர்றது அதுல பாதிக்கும் கம்மி, அந்த அளவுல ஏற எறங்க இருந்தா கூட என்சைம் வேகம் மாறுற மாதிரி அமைஞ்சிருக்கு. அம்மா கேட்ட "யாருடி சொல்றது"க்கு பதில் இது தான், யாரும் வந்து சொல்றது இல்ல, ஆக்சிஜன் இல்லாம ஒரு வேல நின்னு போவுது, நின்னதே சேதி.

அடுத்து குறி விழாத ஹிஃப் இன்னா பண்ணுதுன்னு பாக்கணும், கொட்டாய் உவமை இதுக்கு மேல ஒதவாது, ஏன்னா கொட்டாய் நடக்காது, ஹிஃப் நடக்கும். அது நியூக்ளியஸுக்குள்ள போய் அங்க எப்பவும் இருக்கற ஹிஃப் பீட்டா கூட ஜோடி சேரும். ஜோடியா டிஎன்ஏ-ல ஏ-சி-ஜி-டி-ஜி இல்லன்னா ஜி-சி-ஜி-டி-ஜின்னு எழுத்து வர்ற எடத்த தேடி ஒக்காரும், அந்த எடம் எந்த ஜீன் பக்கத்துல இருக்கோ அந்த ஜீன் ஓட ஆரம்பிக்கும். இன்னொரு சின்ன பூட்டும் இருக்கு, எஃப்ஐஹெச்னு ஒரு என்சைம், அதுவும் ஆக்சிஜன் வெச்சி தான் வேல செய்யும், 803-வது எடத்துல இருக்கற அஸ்பராஜின்ல ஓஹெச் ஒட்டி, தப்பிச்ச ஹிஃப் கூட ஜீன முழுசா தொறக்க முடியாம பண்ணும். பிளஸ் டூ-க்கு இது வேணாம், பிஎஸ்சி பசங்க நோட் பண்ணிக்கோங்க.

எந்த ஜீன் எல்லாம்? நூத்து கணக்குல இருக்கு, எல்லாம் மனப்பாடம் பண்ணாதீங்க. நீங்க ஒரு ஊர்ல தண்ணி பஞ்சம் வந்தா இன்னா பண்ணுவீங்க, பாலாறு காஞ்சி கெடக்கற ஊர்ல பொறந்தவங்களுக்கு இத சொல்லி தரவே வேணாம். தண்ணி கொண்டு வர்ற லாரிய அதிகம் பண்ணுவோம், புது பைப் லைன் போடுவோம், வீட்ல செலவ கொறைப்போம். அதே தான். லாரின்றது ரத்த சிவப்பணு, அதுக்கு எரித்ரோபொய்ட்டின் ஜீன், சுருக்கமா ஈபிஓ, சிவப்பணு செய்ய சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடற ஹார்மோன். பைப் லைனுக்கு விஇஜிஎஃப் ஜீன், புது ரத்த குழாய் மொளைக்க வைக்கும். ஆக்சிஜன் செலவ கொறைச்சி சமாளிக்க, குளுக்கோஸ் உள்ள வர்ற கதவு குளூட்-1, லாக்டேட் பக்கம் திருப்பி விடற எல்டிஹெச்-ஏ, மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள எரிபொருள் போறத கொறைக்கிற பிடிகே-1. இந்த அஞ்சு போதும், ஒவ்வொண்ணும் ஏன் இருக்குன்னு காரணத்தோட தெரிஞ்சா மறக்காது.

இப்ப தான் முக்கியமான பகுதி, நான் இதுக்கு தான் பாதி நேரம் கொடுப்பேன். புது பக்கத்துல முழு படத்தையும் அம்புக்குறி போட்டு நீல பேனால வரைஞ்சிட்டு, செவப்பு பேனாவ எடுத்து ஒவ்வொரு எடமா நீங்களே ஒடைங்க. ஒடைச்சா இன்னா ஆவும்னு மொதல்ல எழுதுங்க, அப்புறம் கீழ நான் சொல்றத பாருங்க, முன்னாடியே பாக்காதீங்க.

புரோலின எடுத்துட்டு அங்க அலனின்ற வேற அமினோ அமிலத்த வெச்சா? குறி போட எடமே இல்ல, ஆக்சிஜன் எவ்ளோ இருந்தாலும் ஹிஃப் சாவாது. விஹெச்எல் ஒடைஞ்சா? குறி விழும், படிக்க ஆள் இல்ல, அதே கதி தான். இது வெறும் பேப்பர் வேல இல்ல, விஹெச்எல் ஜீன்ல கோளாறோட பொறக்கறவங்க இருக்காங்க, அவங்களுக்கு கண்ணு, மூளை, தண்டுவடத்துல ரத்த குழாய் நெறஞ்ச கட்டி வரும், கிட்னில புத்துநோய் வரும். ஏன் ரத்த குழாய் கட்டின்னு விஇஜிஎஃப்ப ஞாபகம் வெச்சிக்கினு பாருங்க, தானா புரியும். ரஷ்யாவுல சுவாஷ்னு ஒரு மக்கள், அவங்கள்ள ஒரு சிலருக்கு ரெண்டு விஹெச்எல் பிரதியிலயும் 200-வது எடத்துல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறி இருக்கும், அதனால சமவெளில ஒக்காந்துக்கினே சிவப்பணு எக்கச்சக்கமா ஏறிடும், ரத்தம் கெட்டியாவும். இரும்ப எடுத்துட்டா? பிரஷ் இல்ல, என்சைம் முடங்கும், ஹிஃப் ஏறும். கோபால்ட் போட்டா? அதே மாதிரி பிஹெச்டிய கெடுத்து, ஆக்சிஜன் இருந்தும் இல்லாத மாதிரி செல்லு நடந்துக்கும், ஆராய்ச்சி லேப்ல செல்லுங்கள ஏமாத்த கோபால்ட் குளோரைடு போடறது இதுக்கு தான். ஹிஃப் பீட்டா இல்லன்னா? இது மட்டும் தலைகீழ், ஆல்ஃபா எவ்ளோ சேந்தாலும் ஜோடி இல்லாம ஜீன தொட முடியாது. இந்த ஒண்ணுல தான் நெறய பசங்க தப்பு பண்ணுவாங்க, எல்லாத்துக்கும் "ஹிஃப் ஏறும்"னு ஒரே பதில எழுதிடுவாங்க.

யாரு கண்டுபிடிச்சாங்கன்றத தனியா மனப்பாடம் பண்ண வேணாம், யாரு எந்த வாசல் வழியா உள்ள வந்தாங்கன்னு பாருங்க. கிரெக் செமென்சா ஈபிஓ ஜீன் பக்கத்துல இருக்கற டிஎன்ஏ துண்ட நோண்டி ஹிஃப்ப புடிச்சாரு, 1995-ல அதோட ஜீன் கையில வந்துச்சு. பீட்டர் ராட்கிளிஃப் கிட்னி டாக்டர், ஈபிஓ செய்யாத செல்லுங்க கிட்ட கூட இந்த உணர்ற வேல இருக்குன்னு காட்டினாரு. வில்லியம் கேலின் புத்துநோய் பக்கம் இருந்து, விஹெச்எல் குடும்பங்கள பாத்து வந்தாரு. 2001-ல கேலின், ராட்கிளிஃப் ரெண்டு பேரோட டீமும் தனித்தனியா அந்த புரோலின் குறிய வெளியிட்டாங்க. மூணு பேருக்கும் 2019-ல மருத்துவ நோபல். மூணு வாசலும் ஒரே ரூமுக்கு போனது தான் எனக்கு இதுல ரொம்ப புடிச்சது.

இனிமே நேரம். ஒரு நீள கோடு போட்டு நொடி, நிமிஷம், மணி, நாளு, வாரம்னு பிரிங்க. இத பண்ணாம விட்டா எல்லாத்தையும் ஹிஃப் தலைல கட்டிடுவீங்க. நொடி கட்டத்துல ஜீன் வேல எதுவும் இல்ல. கழுத்துல கரோட்டிட் பாடின்னு அரிசி மணி அளவுல ஒண்ணு இருக்கு, ரத்தத்துல ஆக்சிஜன் கொறஞ்சா அது நரம்பு வழியா மூளைக்கு சேதி அனுப்பி உடனே மூச்ச வேகமாக்கும், இதுக்கு 1938 நோபல் ஹெய்மான்ஸுக்கு கெடைச்சது. நிமிஷத்துல ஹிஃப் சேர ஆரம்பிக்கும். மணி கணக்குல கிட்னில இருந்து ஈபிஓ ரத்தத்துல ஏறும், ஒண்ணு ரெண்டு நாள்ல உச்சிக்கு போவும். அது எலும்பு மஜ்ஜைக்கு போய், சில நாள்ல இளம் சிவப்பணு வெளிய தெரியும், உண்மையா சிவப்பணு மொத்தமா கூட வாரங்கள் ஆவும்.

அதனால தான் தம்பி கேஸ்ல நான் ஒரு விஷயத்த திருத்த வேண்டி வந்துச்சு. மொத ரெண்டு நாளு ரெஸ்ட் எடுத்தா ரத்தம் ஊறிடும்னு அங்க கூட பேசிக்கிறாங்களாம், அது இல்ல. ரெண்டு நாள்ல ரத்தம் ஊறாது. அந்த நேரத்துல மூச்சு ஆழமாவறதும், அதனால மாறுற ரத்தத்தோட அமிலக்கார நெலைய கிட்னி சரி பண்றதும் தான் நடக்குது, அதுக்கு எடம் கொடுக்க தான் ரெஸ்ட். மொத வாரத்துலயே டெஸ்ட்ல ஹீமோகுளோபின் ஏறின மாதிரி தெரிஞ்சாலும் அது பெரும்பாலும் ரத்தத்துல நீர் பாகம் கொறஞ்சி கெட்டியானது.

நம்ம ஊரு 200 மீட்டர் சொச்சம் ஒசரம், லே 3,500 மீட்டர் கிட்ட. அங்கயும் காத்துல ஆக்சிஜன் 21 சதவீதம் தான், அழுத்தம் தான் கொறஞ்சி போய் மொத்தத்துல மூணுல ரெண்டு பங்கு தான் கெடைக்குது. ஏலகிரி 1,100 மீட்டர் அளவு, அங்க எட்டுல ஒரு பங்கு கொறையும், ஆனா வெரல்ல மாட்டற ஆக்சிமீட்டர்ல பெருசா ஒண்ணும் தெரியாது, ஹீமோகுளோபின் அந்த அளவுல இன்னும் நெறஞ்சி தான் இருக்கும். முடிஞ்சா மெஷின கொண்டு போய் பசங்களோட பாருங்க, நல்ல பாடம். லே போறவங்க மட்டும் இத கவனிங்க: 3,000 மீட்டருக்கு மேல தூங்கற எடத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்க, மூணு நாலு நாளைக்கு ஒரு தடவ ஏறாம நில்லுங்க, தலவலி வாந்தி வந்தா மேல போவாதீங்க, சும்மா ஒக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ பேச்சு கொழறி நடை தள்ளாடினாலோ காத்திருக்காம கீழ எறங்குங்க, டாக்டர் கிட்ட போங்க. தைரியத்த காட்டற எடம் அது இல்ல, பட்டாளத்துக்காரன் அக்காவா சொல்றேன்.

திபெத்காரங்க எப்படி சமாளிக்கிறாங்கன்னு கண்டிப்பா கேள்வி வரும். அவங்களுக்கு ரத்தம் அதிகமா ஏறாதது தான் அவங்க பலம். ஹிஃப் ஆல்ஃபாவுலயே இன்னொரு வகையான ஹிஃப்-2 ஆல்ஃபாவ செய்யற இபிஏஎஸ்-1 ஜீன்ல அவங்க கிட்ட வேற மாதிரி ஒண்ணு இருக்கு, டெனிசோவன்ற அழிஞ்சி போன மனுஷ இனத்துல இருந்து வந்ததுன்னு 2014-ல கண்டுபிடிச்சாங்க. நமக்கு மேல போய் ரொம்ப நாள் இருந்தா ரத்தம் கெட்டியாவற ஆபத்து இருக்கு, அவங்களுக்கு அது கம்மி.

கடைசியா கிட்னி. இத வேலூர்ல இருந்துக்கினு விட முடியாது, இந்தியாவுல வெற்றிகரமா மொத கிட்னி மாத்தினது 1971-ல நம்ம சிஎம்சி-ல தான், இன்னிக்கும் காட்பாடி ஸ்டேஷன்ல எறங்கற வெளியூர்காரங்க எத்தனையோ பேரு ஆஸ்பத்திரி ஃபைல கையில வெச்சிக்கினு தான் எறங்கறாங்க. பெரியவங்க உடம்புல ஈபிஓ முக்கியமா கிட்னில தான் தயாராவுது, கிட்னி கெட்டா அது கொறையும், டயாலிசிஸ்ல இருக்கறவங்க வெளுத்து போறதுக்கு பெரிய காரணம் அது. அதுக்கு தான் ஈபிஓ ஊசி. இப்ப நீங்க வரைஞ்ச படத்த எடுத்து, ஊசி இல்லாம மாத்திரைலயே ஈபிஓ ஏத்தணும்னா எந்த எடத்துல கை வெப்பீங்கன்னு யோசிங்க. பிஹெச்டிய அடக்கணும், சரி. அந்த மாத்திரைங்க நெசமாவே வந்துடுச்சு, இந்தியாவுல 2022-ல டெசிடுஸ்டாட்னு ஒண்ணுக்கு அனுமதி கொடுத்தாங்க. உடம்புக்கு ஆக்சிஜன் கொறஞ்ச மாதிரி ஒரு தோற்றத்த கொடுத்து ஈபிஓ-வ வர வைக்கும்.

வீட்ல டயாலிசிஸ் ஆளு இருந்தா ரெண்டு விஷயத்த டாக்டர் கிட்ட கேளுங்க. ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறலன்னா ஃபெர்ரிட்டின், அதாவது உடம்புல இரும்பு எவ்ளோ சேத்து வெச்சிருக்குன்னு காட்டற டெஸ்ட், பாத்தாச்சான்னு கேளுங்க, ஈபிஓ உத்தரவு தான் போடும், சிவப்பணு கட்ட இரும்பு வேணும், இரும்பு இல்லாம உத்தரவு மட்டும் போட்டு பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு, ஊசி போட்டு ஹீமோகுளோபின 13-க்கு மேல ஏத்த கூடாது, பக்கவாதம் வர்ற ஆபத்து கூடும், அதனால பிபியும் பாத்துக்கினே இருக்கணும். நல்லா தானே ஏறுது இன்னொரு ஊசி போடலாம்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க.

எங்க அம்மாவுக்கே போன தடவ ஹீமோகுளோபின் 9 இருந்துச்சு, பொம்பளைங்களுக்கு 12-க்கு கீழ போனாலே ரத்தசோகை. கிட்னி நல்லா இருக்கு, ஈபிஓ வருது, இரும்பு தான் இல்ல. டாக்டர் எழுதி கொடுத்த இரும்பு மாத்திரைய அம்மா டீ கூட தான் முழுங்கிக்கினு இருந்தாங்க, டீ இரும்ப உள்ள ஏற விடாது, எலுமிச்ச தண்ணிக்கு மாத்த வெச்சேன்.

தம்பி லீவுக்கு வந்தப்ப இன்னொண்ணு தோணுச்சு. விமானத்துக்குள்ள காத்தழுத்தம் பொதுவா 2,400 மீட்டர் ஒசரத்துக்கு மேல போவாம வெச்சிருப்பாங்க, லே அத விட ஒசரம், அப்போ கெளம்பி கொஞ்ச நேரத்துலயே அவனுக்கு வெளிய இருந்தத விட நெறய ஆக்சிஜன் கெடைச்சிருக்கும், ஹிஃப் ஒடைய ஆரம்பிச்சிருக்கும், டில்லி வர்றதுக்குள்ள அது கதை முடிஞ்சிருக்கும். ஆனா சிவப்பணுவோட ஆயுசு 120 நாளு, அங்க ஊறினது உடனே போவாது, அவன் கூடவே ரயில் ஏறி காட்பாடி வந்துடுச்சு. அதனால மலை மேல இருந்து லீவுல வந்தவங்க இங்க ரத்தம் டெஸ்ட் எடுத்தா, எங்க இருந்து எப்ப எறங்கினீங்கன்னு டாக்டர் கிட்ட மொதல்லயே சொல்லிடுங்க, இல்லன்னா ஹீமோகுளோபின் ஏன் இவ்ளோ அதிகம்னு தேவ இல்லாம இன்னும் நாலு டெஸ்ட் எழுதுவாங்க.